பெரியவருக்கு உடம்பு சரியில்லை

எங்கள் வீட்டு மீன்களை அப்பா ஒருமையில் அழைத்ததே இல்லை. “பெரியவர் இன்னும் சாப்பிடல”, “சின்னவர் ஏன் மூலையிலயே நிக்கிறார்?” என்றுதான் பேசுவார். இரண்டும் ஓராண்டா வகைத் தங்கமீன்கள். தலையில் முள்ளங்கி துருவி வைத்ததுபோல ஒரு கொண்டை, சேலை முந்தானைபோல நீளமான வால். துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மாதத்தில் அப்பா வாங்கி வந்தவை. ஆறு வருடங்களாக அங் மோ கியோ வீட்டின் வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் மூன்றடித் தொட்டிதான் அவர்கள் உலகம். தொலைக்காட்சியைவிடத் தொட்டியைத்தான் அப்பா அதிகம் பார்ப்பார்.

போன வருடம் குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்காக அப்பாவும் அம்மாவும் ஐந்து வாரம் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். போகும்முன் அப்பா ஒரு தாளில் எழுதி, தொட்டியின் ஓரத்தில் ஒட்டினார். காலையில் இத்தனை உருண்டை, மாலையில் இத்தனை. ஞாயிறுதோறும் இரண்டு வாளித் தண்ணீர் எடுத்து, இரண்டு வாளி ஊற்ற வேண்டும். ஊற்றும்முன் சொட்டு மருந்து. அவ்வளவுதான். எனக்கு வயது முப்பத்து நான்கு. காலை ஆறு மணிக்கு நேரலையில் பேசுகிறவள், பேட்டிக்கு வரும் அமைச்சரின் பதவிப்பெயரை ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்கிறவள். இரண்டு மீன்களைப் பார்த்துக்கொள்ள முடியாதா?

இரண்டாவது வெள்ளிக்கிழமை இரவு, பெரியவரின் செவுள் மூடியில் வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்தேன்.

ஊசி முனையளவுப் புள்ளிகள், வரிசையாக. பக்கத்துடுப்பின் முன்விளிம்பிலும் அதேபோல. அதோடு பெரியவர் நிலைகொள்ளாமல் இருந்தார். சின்னவரைத் துரத்துவதும் முட்டுவதும், தொட்டியைச் சுற்றிச் சுற்றி வருவதுமாக ஒரே அமர்க்களம். கைப்பேசியில் தேடினேன். ‘வெள்ளைப்புள்ளி நோய்’ என்று வந்தது. ஓர் ஒட்டுண்ணி தோலுக்குள் புகுந்து உண்டாக்குவது, உப்புத் தூவியதுபோல் தெரியும், அரிப்பெடுத்து மீன் அலையும், விட்டால் தொட்டியே காலி. படித்ததெல்லாம் பொருந்தியதுபோல் இருந்தது. பொருந்தாத வரிகளும் அங்கே இருந்தன. அவற்றை நான் வேகமாகக் கடந்துவிட்டேன்.

மறுநாள் காலை அருகிலிருந்த கடைக்குப் போய் “வெள்ளைப்புள்ளிக்கு மருந்து” என்று கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரிய துப்புரவு ஒன்றை நடத்தினேன். மீன்களை வாளிக்கு மாற்றி, ஏறத்தாழ 150 லிட்டர் தண்ணீரையும் வடித்துவிட்டுக் கூழாங்கற்களைத் தேய்த்துக் கழுவினேன். வடிகட்டியைத் திறந்தால் பஞ்சு முழுக்கப் பழுப்பு நிறத்தில் சேறு. ஆறு வருட அழுக்கு! அப்பா இதைக் கவனிக்கவில்லையே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. குழாயைத் திறந்து, பிழியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை பஞ்சை அலசினேன். உள்ளே இருந்த பீங்கான் வளையங்களுக்கு வெந்நீர்க் குளியல். பிறகு புதுத் தண்ணீர், சொட்டு மருந்து, அதன்மேல் நீலப்பச்சை நிறத்தில் அந்த மருந்து. தொட்டி நீச்சல்குளம்போலப் பளபளத்தது.

மூன்றாம் நாள் சின்னவர் அடியில் உட்கார்ந்துவிட்டார். துடுப்புகள் உடம்போடு ஒட்டியிருந்தன. பெரியவர் மேலே வந்து, வாயைப் பிளந்து பிளந்து காற்றை விழுங்கினார். நோய் முற்றிவிட்டது என்று நினைத்து, மருந்தை இரண்டு மடங்காக ஊற்றினேன்.

வானொலியில் எங்களுக்கு ஒரு பயம் உண்டு. ஒலிபரப்பில் மூன்று நொடி மௌனம் விழுந்தால் கை தானாக அடுத்த பொத்தானுக்குப் போகும். பாட்டோ விளம்பரமோ, ஏதாவது ஓட வேண்டும். அந்தக் கைதான் அன்றைக்கும் மருந்துப் புட்டிக்குப் போனது என்று இப்போது நினைக்கிறேன்.

நான்காம் நாள் விடியற்காலை நாலரைக்குச் சின்னவர் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தார். செவுள் மட்டும் அசைந்தது. நான் வேலைக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாது. அன்று நேயர்களுடன் “உங்கள் வீட்டில் இன்றைய காலை உணவு என்ன?” என்று கலகலப்பாக ஒரு பகுதி. ஈசூனிலிருந்து ஒரு பாட்டி அழைத்து, பேரனுக்கு இட்லி பிடிக்காது என்றார். நான் சிரித்தேன். பதினொரு மணிக்கு வீடு திரும்பியபோது சின்னவரின் செவுளும் நின்றிருந்தது.

குப்பைக்குழாயில் போட மனம் வரவில்லை. தாழ்வாரத்தில் இருந்த அம்மாவின் செம்பருத்தித் தொட்டியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன்.

பிறகுதான், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சிராங்கூன் நார்த் அவென்யூ 1இல் மீன்கடைகள் வரிசையாக இருப்பது தெரியும். அவற்றில் வயதான ஒருவர் தனியாக நடத்தும் கடைக்குப் போனேன். கைப்பேசியில் படங்கள், ஒரு சின்னப் புட்டியில் தொட்டித் தண்ணீர். நான் படத்தைக் காட்ட, அங்கிள் புட்டிக்குக் கை நீட்டினார்.

“முதல்ல தண்ணி. மீனை அப்புறம் பார்ப்போம்.” பாதி ஆங்கிலம், பாதி மலாய்.

தண்ணீர் மருந்தின் நிறத்தில் இருந்தது. சோதனையே நிற மாற்றத்தைப் பார்த்துச் சொல்வதால் இது ஆகாது என்று தலையாட்டினார். கொஞ்சம் கரித்தூளைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, தெளிந்த பிறகு ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்துச் சொட்டுகள் விட்டார். அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாகவே இருக்கும், இருந்தால் பச்சை. ஐந்து நிமிடத்தில் குழாய் வாழையிலை நிறத்துக்குப் போனது. நிற அட்டையோடு ஒப்பிட்டால் 4 பிபிஎம். ஆரோக்கியமான தொட்டியில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும்.

பிறகு கேள்விகள். காய்ச்சலுக்குப் போனால் மருத்துவர் கேட்பதைவிட அதிகமாகக் கேட்டார். சமீபத்தில் புது மீன் விட்டாயா? இல்லை. புதுச் செடி? இல்லை. வேறு தொட்டியின் தண்ணீர், வலை? எதுவும் இல்லை, இரண்டு வருடமாக. “அப்போ ஒட்டுண்ணி எப்படி உள்ளே வரும்? பஸ்ஸிலா?” என்றார். வடிகட்டியைக் கழுவினாயா? கழுவினேன். எதில்? குழாய்த் தண்ணீரில். வளையங்களை? வெந்நீரில். அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் பிழிந்து கொட்டிய பழுப்புச் சேறு அழுக்கு இல்லை. மீன் தன் செவுள்கள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. தின்னாமல் கிடக்கும் உணவும் கழிவும் அழுகி அதையே உண்டாக்குகின்றன. ஆற்றிலோ குளத்திலோ அது கரைந்து பரவிவிடும். கண்ணாடித் தொட்டியில் போக்கிடம் இல்லை. பஞ்சிலும் வளையங்களிலும் குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது, அது அவ்வளவு ஆபத்தில்லை, வாராவாரம் தண்ணீர் மாற்றும்போது குறைந்துவிடும். இந்தக் குடியிருப்பு உருவாக ஐந்தாறு வாரம்கூட ஆகும். அப்பாவின் தொட்டியில் அது ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தது. நான் அதை ஒரே சனிக்கிழமையில் குழாயடியில் காலி செய்துவிட்டு, தப்பிப் பிழைத்தவற்றின் மேல் மருந்தையும் ஊற்றியிருக்கிறேன். நம் ஊர் வெப்பம் வேறு. தண்ணீரின் சூடும் காரத்தன்மையும் கூடக் கூட அம்மோனியாவின் நச்சு ஏறும். சூடான தண்ணீரில் உயிர்வாயுவும் குறைவு. பெரியவர் மேலே வந்து வாய் பிளந்தது அதனால்தான். செவுள்கள் வெந்துகொண்டிருந்தன.

“சொட்டு மருந்தாவது விட்டாயா?” என்று கேட்டார். விட்டேன் என்றதும் முதல்முறையாகத் தலையசைத்தார். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோராமின். குளோரின் என்றால் வாளியில் பிடித்து ஓர் இரவு வைத்தால் பறந்துவிடும், குளோராமின் அப்படி எளிதில் போகாது. “எங்க தாத்தா வாளியில பிடிச்சுத்தான் வைப்பார்” என்று இன்னும் அதையே நம்புகிறவர்கள் உண்டு. அந்த வாளியில் கொசு முட்டையிட்டு வேறொரு வம்பு வருமே தவிர, மீனுக்கு உதவாது.

கடைசியாகத்தான் அங்கிள் என் கைப்பேசியை வாங்கி, வெள்ளிக்கிழமை இரவு எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதற்கு நன்றி.

“இது நோய் இல்லை. இது ஆண்.”

தங்கமீன்களில் ஆணுக்கு இனப்பெருக்கப் பருவம் வந்தால் செவுள் மூடியிலும் பக்கத்துடுப்பின் முன்விளிம்பிலும் இப்படி வெள்ளை மொட்டுகள் அரும்புமாம். வாரக்கணக்கில் இருந்துவிட்டுத் தானே மறைந்துவிடும். வெள்ளைப்புள்ளி நோயாக இருந்தால் இப்படி வரிசை பிடித்து ஓரிடத்தில் நிற்காது, உடம்பு, வால் என்று கண்டபடி சிதறியிருக்கும். மீன் கல்லிலும் கண்ணாடியிலும் உடம்பைத் தேய்க்கும், சோர்ந்துபோகும். பெரியவர் தேய்க்கவும் இல்லை, சோரவும் இல்லை. துரத்தினார். சின்னவரை மட்டும் துரத்தினார். அரிப்பு என்று நான் நினைத்தது காதல்.

சரி, உண்மையிலேயே அந்த நோயாக இருந்திருந்தால்? அதற்கும் என் அவசரம் உதவியிருக்காது என்றார். தோலுக்குள் இருக்கும்போது ஒட்டுண்ணியை மருந்து தொடாது. அது உதிர்ந்து, அடியில் பெருகி, குஞ்சுகள் தண்ணீரில் நீந்தி வரும் கட்டத்தில்தான் கொல்லும். அதனால் புள்ளி மறைந்த பிறகும் விடாமல் தொடர வேண்டும். அப்போதும் வடிகட்டியைக் குழாயில் கழுவக்கூடாது.

அங்கிள் கொடுத்தது மருந்து இல்லை. மருந்தை உறிஞ்சி எடுக்க ஒரு பை கரி. காற்றுக்கல் ஒன்று. சோதனைப் பெட்டி, எத்தனை வெள்ளி என்று கேட்காமலே வாங்கினேன். கடைசியாக உள்ளே போய், தன் சொந்தத் தொட்டியின் வடிகட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சுத் துண்டு ஒன்றைத் தொட்டித் தண்ணீரோடு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. பேருந்தில் அந்தப் பழுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு முறை பார்த்துவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலை பாதித் தண்ணீர் மாற்றினேன், மறுநாள் காலை இன்னொரு பாதி. ஒரேயடியாக முழுவதும் மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடலாம் என்று அங்கிள் எச்சரித்திருந்தார். உணவு அறவே நிறுத்தம். தின்றால்தானே மேலும் அம்மோனியா. பட்டினி கிடந்து சாகாது, ஒரு வாரம் தாங்கும் என்றார். கேட்கச் சுலபம். நான் தொட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் பெரியவர் கண்ணாடியருகே வந்து நின்றார்.

அப்பா காணொளியில் அழைத்தார். கோயில் வாசலில் பந்தல் போடுவதைக் காட்டிவிட்டு, “எங்க, நம்ம ஆளுங்களைக் காட்டு” என்றார். கைப்பேசியைத் தூரமாகப் பிடித்துக் காட்டினேன்.

“சின்னவர் எங்க?”

“கல்லுக்குப் பின்னாடி இருக்காருப்பா.”

“தண்ணி ஏன் நீலமா தெரியுது?”

“வெளிச்சம்ப்பா.”

ஒரே அழைப்பில் இரண்டு பொய். அன்றிரவு தூக்கம் வரவில்லை. கும்பாபிஷேகம் முடியட்டும், நல்ல காரியத்துக்குப் போயிருக்கிற மனிதரிடம் எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் நிகழ்ச்சி முடிந்ததும், கார் நிறுத்துமிடத்தில் நின்று நானே அழைத்தேன். காணொளி வேண்டாமென்று குரல் அழைப்பு. புள்ளி, மருந்து, பஞ்சு, சின்னவர் எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. நொடிகளை எண்ணுவது என் தொழில் வியாதி. பதினொன்று எண்ணினேன். பொத்தான் எதையும் அழுத்த முடியாத பதினொரு நொடி.

“பெரியவர் சாப்பிடுறாரா?” என்றார் அப்பா.

“சாப்பாடே போடலப்பா. போடக்கூடாதாம்.”

“சரி. அப்பப் போடாத.” கொஞ்சம் பொறுத்து, “அந்தப் பஞ்சை நான் குழாய்ல காட்டவே மாட்டேம்மா. மாத்துற பழைய தண்ணியிலயே ஒரு அலசு அலசி வச்சிடுவேன். ஏன்னு கேட்டா எனக்கும் தெரியாது, வாங்கும்போது கடைக்காரர் சொன்னது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவதானேன்னு அந்தத் தாள்ல எழுதாம விட்டுட்டேன்” என்றார்.

அவர் மேல் ஒரு பங்கு பழியை எடுத்துக்கொள்கிறார் என்பது புரிந்தது. எனக்கு அது திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் எங்கள் வீட்டு நாட்காட்டிதான் நோயாளியின் அட்டை. தேக்கா கடையில் கொடுத்த தேதி கிழிக்கும் நாட்காட்டி. ஒவ்வொரு தாளிலும் ராகுகாலத்துக்குக் கீழே அன்றைய அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் எழுதி, கிழித்த தாளை வீசாமல் அடுக்கி வைத்தேன். 2, 1, மறுபடியும் 2. பிறகு 1, அரை, கால். அம்மோனியா இறங்கத் தொடங்கியதும் நைட்ரைட் ஏறியது. அந்தச் சோதனையில் நிறம் ஊதா. அங்கிள் இதையும் முன்பே சொல்லியிருந்தார். இரண்டாவது வகை பாக்டீரியா மெதுவாகத்தான் வரும். அதுவரை லிட்டருக்கு ஒரு கிராம் என்று 150 கிராம் கல்லுப்பை வாளித் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றச் சொன்னார். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். சமையலறையில் இருப்பதிலேயே எனக்கு நன்றாகத் தெரிந்த பொருள் அது. ஆனாலும் சமையலுக்கு அளப்பதைவிடப் பத்து மடங்கு கவனமாகத் தராசில் நிறுத்தேன்.

எட்டாம் நாள் பெரியவர் மேலே வருவதை நிறுத்தினார். பத்தாம் நாள் ஒரே ஓர் உருண்டை போட்டேன். வாய்க்குள் இழுத்து, துப்பி, மறுபடியும் இழுத்து விழுங்கினார். நான் தனியாக நின்று கைதட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் அவர் உடம்பில் கறுப்புத் திட்டுகள்.

வாலின் ஓரம் தீய்ந்த காகிதம்போல, வயிற்றுப் பக்கம் மைக்கறை போல. வயிறு கலங்கிவிட்டது. அந்த மருந்துப் புட்டி இன்னும் அலமாரியில்தான் இருந்தது, பாதிக்குமேல் மீதம். எடுத்தேன். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு கீழே வைத்துவிட்டுச் சோதனைக் குழாயை எடுத்தேன். அம்மோனியா மஞ்சள், பூஜ்யம். நைட்ரைட் லேசான ஊதா, இறங்குமுகம். அரைமணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். துடுப்புகள் விரிந்திருந்தன. செவுள் நிதானமாக அடித்தது. அடியிலிருந்த கூழாங்கற்களை வாயில் எடுத்து எடுத்துத் துப்பிக்கொண்டிருந்தார், பசித்த தங்கமீன் செய்வதுபோல. நோயாளி மாதிரி எதுவும் இல்லை, கறுப்பைத் தவிர.

அங்கிளுக்குப் படம் அனுப்பினேன். பதில் மாலைதான் வந்தது. அம்மோனியா சுட்ட தோல் ஆறும்போது தங்கமீனுக்கு அந்த இடம் கறுக்கும். ஆறுகிறது என்று அர்த்தம், சில வாரத்தில் மங்கிவிடும், ஒன்றும் போடாதே. நான் ஒன்றும் போட்டிருக்கவில்லை. அந்த ஏழு மணி நேரம் சும்மா இருந்ததுதான் மொத்தச் சிகிச்சையிலும் எனக்குக் கடினமான பகுதி.

அம்மாவும் அப்பாவும் திரும்பிய அன்று, அம்மா நேராகச் செம்பருத்தியைப் பார்த்துவிட்டு “மண்ணைக் கிளறினது யாரு?” என்றார். அப்பா பெட்டியைக்கூட உள்ளே இழுக்காமல் தொட்டி முன்னால் போய் நின்றார். விமானத்தில் வந்த சட்டையோடு குனிந்து, இரண்டு கைகளையும் முழங்கால்களில் ஊன்றிக்கொண்டு. பெரியவர் கண்ணாடிக்கு வந்தார்.

“என்னங்க இப்படிக் கறுத்துப்போயிட்டீங்க, நானாவது வெயில்ல அலைஞ்சேன்” என்றார் அவரிடம்.

நான் நாட்காட்டித் தாள்களை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார், கணக்குப் பார்ப்பதுபோல. சோதனை எப்படிச் செய்வது என்று கேட்டார், காட்டினேன். எத்தனை சொட்டு, எத்தனை நிமிடம் என்று அதே தாளின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். வெள்ளை மொட்டுகள் பற்றி, அங்கிள் சொன்னதை இன்னொரு முறை கேட்டார். பெரியவர் ஆண், சின்னவர் பெண் என்ற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

“பெண்ணா?”

“ஆமாப்பா.”

தொட்டியின் அந்த மூலையைப் பார்த்தார்.

“ஆறு வருஷமா அந்தம்மாவைப் போய்ச் சின்னவர், சின்னவர்னு கூப்பிட்டிருக்கேனே” என்றார்.